உளைக்குள் ஒரு குதிரைத் தடம்

ஜனவரி 17, வெள்ளி: வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டியில் பேருந்து ஏறும்போதே வானம் மூடியிருந்தது. வழி நெடுக சம்பா நெல் தலை சாய்ந்து நிற்கிறது. சில வயல்களில் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது, பல வயல்கள் இன்னும் காத்திருக்கின்றன. எனக்குப் பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா. விடிகாலையில் முல்லையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். காலிக் கூடையிலும் வாசம் இருந்தது. என்னிடம் பேசிக்கொண்டே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பப் பேஞ்சா நெல்லு படுத்துரும்மா” என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டார். கோடியக்கரைக்கு, குதிரை பார்க்க என்றதும், “அது ரோட்டோரமாவே நிக்குமே, அதுக்கா இவ்ளோ தூரம்?” என்று ஆச்சரியப்பட்டார். இறங்கும்போது கூடையின் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து அரும்பைப் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பயணம் பெரியப்பாவுக்காக. அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. 1983இல் இந்தப் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போட வந்தபோது, கோடியக்கரைச் சதுப்பில் மட்டக்குதிரைகள் கூட்டமாகப் போவதைப் பார்த்திருக்கிறார். லாடம் இல்லை, கடிவாளம் இல்லை, ஆள் இல்லை. அந்தக் காட்சியைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மானும் குதிரையும் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. “ஏதாவது மிச்சம் இருக்குமா பாப்பா?” என்று அப்போதிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழு பொங்கல் போய்விட்டது. இந்தப் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிவிட்டோம்.

அறை வாடகை 900 ரூபாய். சன்னல் கொக்கி துருப்பிடித்து மூட வரவில்லை. இந்த ஊரில் இரும்பு எதுவும் தப்பாது போலிருக்கிறது, உப்புக்காற்று அப்படி. சாயங்காலம் ஆட்டோவில் அகஸ்தியம்பள்ளி வரை போய்வந்தோம். 1930 ஏப்ரல் 30இல் ராஜாஜி தலைமையில் வந்த தொண்டர்கள் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய இடம். மழைக்காலம் முடிந்து உப்பளங்களில் வரப்பைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் முழங்கால் சேற்றில் நின்று காலாலேயே பாத்தியை மிதித்துச் சமன் செய்தார். அவருடைய பாதத்தின் வெடிப்புகளைப் பார்த்தபின் மாலை வெயிலை ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரவு ஒரு மெஸ்ஸில் மடவை மீன் குழம்பும் சோறும், ஆளுக்கு 120. பெரியப்பா கையைக் கழுவ எழுந்தபோது பரிமாறியவர் விடவில்லை. “ஐயா, மீன் தலை வச்சிருக்கேன், ரசத்துக்கு அப்புறம் எந்திரிங்க” என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஜனவரி 18, சனி: கோடியக்காடு, முனியப்பன் ஏரி

விடிகாலை ஆட்டோ 350 ரூபாய். வேதாரண்யத்திலிருந்து தெற்கே பதினொரு கிலோமீட்டர் இருக்கும். கோடியக்காடு வந்ததும் சாலையின் இருபுறமும் காடு கவிந்துகொள்கிறது. உயரமான காடு இல்லை. பாலை மரமும் முட்செடியும் பின்னிக் கிடக்கிற, வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கிற காடு. கஜாவில் விழுந்த அடிமரங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. பக்கத்திலேயே புதுத் துளிர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது.

எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் உள்ளூர்க்காரர், முப்பது வயது இருக்கும். முதலில் வெளிமான்களைக் காட்டினார். ஆண் மான் கரும்பழுப்பு, அடிவயிறு வெள்ளை, கொம்பு முறுக்கி விட்ட கயிறு மாதிரி. சத்தம் கேட்டதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளின, தரையில் கால் பட்டதா என்றே தெரியவில்லை. 1967இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே இந்த மான்களைக் காப்பதற்காகத்தான். 2002இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கிற ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, தமிழ்நாட்டில் அப்படிச் சேர்ந்த முதல் இடம் இது. ராமர் பாதம் என்கிற மேட்டில் ஏறி நின்றோம். மேடு என்றால் கடல் மட்டத்திலிருந்து நாலு மீட்டர். சரணாலயத்திலேயே உயரமான இடம் அதுதான். புயல் அலை ஏறி வந்த இரவில் இங்கே விலங்குகளுக்கு ஒதுங்க என்ன இருந்திருக்கும் என்பது அந்த மேட்டில் நின்றபோது புரிந்தது.

அப்புறம் முனியப்பன் ஏரிக்கரை. காவலர் கையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டார்.

பனி இன்னும் விலகவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஏழு குதிரைகள். ஐந்து செம்பழுப்பு, ஒன்று சாம்பல், ஒரு குட்டி. என் தோள் உயரம்கூட இல்லை. பிடரி மயிர் சிக்குப் பிடித்து நெற்றியில் விழுந்திருந்தது. ஒன்றும் ஓடவில்லை. எங்களைப் பார்த்தன, மறுபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் புல்லைப் பறித்தன. புல் அறுபடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பெரியப்பா வாய் திறக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழைய ஆய்வாளர் வெளியே வந்தார். “அந்தக் கடைசிப் பெட்டை சினை. எட்டு மாசம் தாண்டிருச்சு” என்றார். குதிரைக்குப் பதினொரு மாசம் என்பதால் சித்திரை வாக்கில் ஈனும் என்று கணக்குப் போட்டார். கூட்டத்துக்கு ஒரே ஒரு பொலிகுதிரை, அது எப்போதும் பின்னால்தான் வரும், முன்னால் வழி காட்டுவது மூத்த பெட்டை என்றார். பார்த்தால் அப்படியே இருந்தது. சாம்பல் நிறப் பெட்டை நகர்ந்தால் மற்றவை நகர்ந்தன. நெஞ்சு அகன்ற ஆண்குதிரை எங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து குறுக்கே நின்றுகொண்டது. இரண்டு மூன்று வயதில் கூட்டத்தை விட்டுத் துரத்தப்படுகிற இளம் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும் என்றும் சொன்னார். மத்தியானம் அப்படி நாலு பேரைச் சாலையோரமே பார்த்துவிட்டோம்.

கரையில் ஒரே இடத்தில் சாணம் குவிந்து கிடந்தது. ஆண்குதிரைகள் வந்து வந்து அங்கேயே போட்டுவிட்டுப் போகுமாம், இது என் இடம் என்று சொல்லிக்கொள்வதற்கு. காவலர் குச்சியால் குவியலைக் கிளறினார். உள்ளே சீமைக்கருவேல விதைகள், சில முளைவிட்டே இருந்தன.

“இதாங்க எங்களுக்குப் பிரச்சினையே. நெத்தைத் தின்னுட்டு காடு முழுக்க வெதைச்சிட்டுப் போயிருது. கருவேலம் வந்தா புல்லு போச்சு. புல்லு போனா மான் எங்க போவும்? புல்லு ஒண்ணு, வாய் ரெண்டுங்க ஐயா.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இந்தக் குதிரைகள் உண்மையில் காட்டு விலங்கு இல்லை. எப்போதோ மனிதர்கள் வளர்த்து, கைவிட்டவற்றின் வாரிசுகள். யார் விட்டார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. உப்பு சுமக்க வைத்திருந்தவை என்றார் டீக்கடைக்காரர், வெள்ளைக்காரன் விட்டுப் போனவை என்றார் டீ குடிக்க வந்தவர். குதிரை சதுப்பில் நிலைத்துப்போவது வேறு இடங்களிலும் உண்டு. பிரான்சில் ரோன் ஆற்றின் கழிமுகமான கமார்க்கில் வெள்ளைக் குதிரைகள் இருக்கின்றன, அசாமில் திப்ரு சைகோவா வெள்ளக்காட்டிலும் இருக்கின்றன. ஆனால் கோடியக்கரையில் அவற்றுக்கு எதிரே வெளிமான் நிற்கிறது. மானுக்கு இதை விட்டால் இந்தக் கடலோரத்தில் வேறு புகலிடம் இல்லை. காவலர் சொன்னது முழுக்க நியாயம். அதே நேரம், அந்தச் சாம்பல் பெட்டையைப் பார்த்து “நீ வெளியூர், கிளம்பு” என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இங்கே பிறந்து, இங்கேயே புயலையும் பார்த்த உயிர் அது.

மத்தியானம் கோடியக்கரையில் நண்டுக் குழம்பு. ஒரு சாப்பாடு 180. நண்டு அன்று காலை வலையில் வந்தது, சதை இனித்தது. பெரியப்பாவுக்குப் பல் ஒத்துழைக்கவில்லை. கடைக்கார அக்கா ஓட்டை உடைத்துச் சதையைத் தனியாக எடுத்து இலையில் வைத்தார். கேட்காமலே.

சாப்பிட்டபின் காவலர் கஜா இரவைப் பற்றிச் சொன்னார். அவர் அப்போது வேலையில் சேரவில்லை, ஊரில் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார். “காத்து ஒரு பக்கமா அடிச்சு, நின்னு, அப்புறம் எதிர்ப்பக்கமா அடிச்சுச்சு. விடிஞ்சு பாத்தா காட்டுல எலையே இல்ல. மானு, குதிரை எல்லாம் கரையோரமா கெடந்துச்சு. தூக்கிப் பொதைக்க ஆள் பத்தல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மூணாம் நாளு சதுப்புக்குள்ளேர்ந்து ஒரு கூட்டம் வெளிய வந்துச்சுங்க. எங்க நின்னுச்சு, எப்படி நின்னுச்சுன்னு இன்னைக்கும் எங்களுக்குத் தெரியல.”

பெரியப்பா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இரவு எட்டு மணிக்கு மழை பிடித்தது.

ஜனவரி 19, ஞாயிறு: சதுப்பு

விடிய விடியப் பெய்தது. மூட வராத சன்னல் வழியாக என் போர்வை நனைந்தது. பூக்கார அம்மாவின் நெல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவதாக இருந்தோம், மழையால் இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கொடுத்த முன்பணம் 500 திரும்பி வரவில்லை. சரி, இன்னொரு நாள் குதிரைகளுக்கு என்று மறுபடி கோடியக்கரைக்கே போனோம்.

பத்து மணிக்கு மழை விட்டது. சதுப்பின் விளிம்பு வரை அழைத்துப் போவதாகக் காவலர் சொன்னார். வேதாரண்யம் சதுப்பு கடலுக்கு இணையாக மேற்கே முத்துப்பேட்டைக் காயல் வரை நீண்டு கிடக்கிறது. காவிரியின் கடைசிக் கிளைகள், கோரையாறும் பாமணியாறும், அங்கேதான் வந்து ஓய்கின்றன. கரையிலிருந்து பார்த்தால் சமதளம், ஆடுகளம் மாதிரி. உமரிச் செடி செக்கச்செவேலென்று படர்ந்திருந்தது. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன, சிறகை விரித்தபோது மட்டும் இளஞ்சிவப்பு.

“குதிரைத் தடம் போற வழியில மட்டும் வாங்க அக்கா. மேல பொருக்குதான் கெட்டியாத் தெரியும். கீழ உளை, ஆளை இழுக்கிற சேறு” என்றார்.

தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஆள் அகலம், குளம்புக் குழிகளில் மழைத்தண்ணீர், நடுநடுவே சாணம். கால் வைத்தால் கெட்டியாக இருந்தது. மிதித்து மிதித்து இறுகிய மண், அதற்கடியில் சிப்பி. தடம் நேராகப் போகவில்லை. வெறும் தரையில் காரணமே இல்லாமல் வளைந்து வளைந்து போனது. ஒரு வளைவில், இருநூறு அடி தள்ளி ஒற்றைக் குதிரை ஒன்று நிற்பதைப் பார்த்தேன். வெளிச்சம் அதன் முதுகில் விழுந்திருந்தது. படம் எடுக்க வாகாக இருக்கட்டும் என்று தடத்தை விட்டு இறங்கி ஏழெட்டு அடி வைத்தேன்.

பொருக்கு சட்டென்று உடைந்தது. வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. சேறு சில்லென்று இருந்தது, அழுகிய முட்டை நாற்றம். இழுக்க இழுக்கக் கீழேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறுகியது. கத்தக்கூட வரவில்லை.

காவலர் ஓடி வரவில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது. தடத்திலேயே நின்று, “அக்கா, இழுக்காதீங்க. அப்படியே பின்னாடி சாஞ்சு படுத்துருங்க. பையைக் கழட்டி முதுகுக்கு அடியில போடுங்க” என்றார். படுத்தேன். முதுகு முழுக்கச் சேறு. பாரம் பரவியதும் அமிழ்வது நின்றது. காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னார், ஆட்டினால் சேற்றுக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் இறங்கி இளகும் என்றார். அவரும் மண்டிபோட்டுத் தவழ்ந்து வந்து கம்பை நீட்டினார். பெரியப்பா அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷம் ஆனது. வலது செருப்பு உள்ளேயே போய்விட்டது. தடத்தில் ஏறி உட்கார்ந்தபோது பெரியப்பாவின் கை நடுங்குவதைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குதிரை அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தலையைத் தாழ்த்தித் தரையை முகர்ந்து, ஒரு அடி வைத்தது. மறுபடி முகர்ந்து மறுபடி ஒரு அடி. அதன் எடை என்னைப்போல மூன்று நாலு மடங்கு இருக்கும், குளம்போ என் உள்ளங்கை அளவு. கனம் குறைவால் அது தப்பவில்லை. எங்கே கால் வைக்கக் கூடாது என்பது தெரிந்து தப்புகிறது. தாய் போகும் வழியில் குட்டி போய்ப் போய்த் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த அறிவு இது என்றார் பெரியப்பா. எப்போதும் தப்புவதும் இல்லையாம். சில வருஷம் குட்டி சிக்கிக்கொள்ளும், தாய் இரண்டு நாள் கூட அங்கேயே நிற்கும் என்றார் காவலர். கஜாவுக்குப் பிறகு அந்தக் கூட்டம் எங்கே நின்றிருக்கும் என்பதற்குப் பெரியப்பாவின் ஊகமும் இந்தத் தடங்களில்தான் இருக்கிறது. உள்ளே எங்கேயோ, மனிதர் கால் படாத ஏதோ திட்டு.

சேறு காய்ந்து தோல் இழுக்க ஆரம்பித்தது. திரும்பும் வழியில் ஒரு மீனவர் வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திண்ணையில் உட்கார வைத்தார். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கழுவிக்கொள்கிறேன் என்றேன். “உப்புத்தண்ணி பட்டா சிராய்ப்பு எரியும்” என்று சொல்லி இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அவரே காலில் ஊற்றினார். இந்த ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று இரண்டு நாளில் பார்த்துவிட்டேன். கோடையில் விலங்குகளுக்கே வனத்துறை தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது.  தடுத்தும் அவர் கேட்கவில்லை. வறக்காப்பி போட்டுக் கொடுத்தார். தன் மகளுடைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் கொடுத்தார், ஒரு அளவு சின்னது. பணத்தை நீட்டினேன். முகம் வாடிப்போய், “வீட்டுக்கு வந்த புள்ளைகிட்ட யாராச்சும் வாங்குவாங்களா?” என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஜனவரி 20, திங்கள்: கோடியக்கரை

இன்று ஊர் திரும்புகிற நாள். உடம்பெல்லாம் வலி, இடது முட்டி வீங்கியிருக்கிறது. பெரியப்பா ஐந்து மணிக்கே எழுந்து சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்கத் தயங்குகிறார் என்று தெரிந்தது. “போலாம் பெரியப்பா” என்றேன்.

இந்த முறை சாலையோரம் மட்டும், மேட்டில் நின்றே. வானம் வெளுத்திருந்தது. மழைத்தண்ணீர் ஏறி, நேற்று நாங்கள் நடந்த தடம் பாதி மூழ்கிக் கிடந்தது. டீக்கடையில் 15 ரூபாய் டீ. அதைக் குடித்து முடிப்பதற்குள் காட்டிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. அதே சாம்பல் பெட்டை முன்னால். பின்னால் சினைப் பெட்டை, மற்றவை, குட்டி, கடைசியில் ஆண்குதிரை. சதுப்பின் விளிம்பில் வரிசையாகின. தண்ணீருக்கடியில் இருந்த தடத்தின் வளைவுகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவை பிசகாமல் வளைந்து வளைந்து போயின. பெரியப்பா விரல் விட்டு எண்ணி, பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினார்: 7. அதற்குக் கீழே, நேற்று முன்தினம் பார்த்த இளம் ஆண்கள்: 4. நேற்றைய ஒற்றை: 1.

பாதி தூரத்தில் குட்டி நின்றுவிட்டது. அங்கே தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. முன்னே போன தாய் திரும்பி வரவில்லை, ஆனால் நின்றது. தலையை மட்டும் திருப்பிக் கனைத்தது. ஆண்குதிரையும் பின்னால் அசையாமல் நின்றது. டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. தினமும் பார்க்கிறவர்கள்கூடக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். குட்டி மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது, எடுத்தது, சிலுப்பியது. பிறகு தாய் போன அதே கோட்டில் ஒரு அடி. இன்னொரு அடி.

அது மறுபக்கத் திட்டில் ஏறி உடம்பை உதறியபோது எங்கள் ஏழரை மணிப் பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்தது எத்தனை மணிக்கு என்று நான் விசாரித்தேன். பெரியப்பா இன்னொரு டீ சொன்னார்.